ரகசிய வரிக்கு லேமினேஷன்

பிள்ளைகளா, அப்பாவின் போனைத் திறக்கத் தெரிந்த இரண்டு பேர் இந்த வீட்டில் இருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும், போகட்டும். ஆனால் கம்பெனி மெயிலைத் திறக்கும் வரியை மட்டும் ஏன் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை, கேட்டால் ஏன் சிடுசிடுக்கிறேன் என்று போன வாரம் பெரியவள் கேட்டாள். அதற்குத்தான் இது. பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி காருக்கான தகட்டுப் பாகங்கள் செய்கிறது. நான் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பாகங்களின் வரைபடம் வெளிநாட்டுக் கஸ்டமரிடமிருந்து மெயிலில் வரும். நடுவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். திறக்கிற சாவி ஒரு சின்ன ஃபைலாக என் மேசைக் கம்ப்யூட்டரில், என் பெயரில் இருந்தது. அந்தச் சாவிக்கும் ஒரு காவல் உண்டு. ஒரு சொல் இல்லை, நீளமான ஒரு முழு வரி. அதை அடித்தால்தான் சாவி வேலை செய்யும்.

இதையெல்லாம் போட்டுக்கொடுக்க வந்த கம்ப்யூட்டர்காரர் பொறுமையாகச் சொன்னார். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் தனித்தனிச் சாவி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மெயிலை மூன்று சாவிக்கும் திறக்கிற மாதிரி அவர்களால் பூட்ட முடியும், அவரவர் வரி அவரவர் மண்டையில் இருக்கட்டும் என்றார். ஒரு தடவை அடித்தால் பத்து நிமிஷத்துக்குக் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம், அதனால் பெரிய தொல்லையும் இல்லை. எங்கள் மேனேஜர் அவ்வளவு நேரமும் போனில் யாருடனோ கல்யாண மண்டபம் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "மூணு இன்னாத்துக்கு, ஒண்ணு போதும்" என்றார். வசதி என்றால் அவருக்கு அதுதான்: தான் யோசிக்காமல் இருப்பது.

அந்த ஒரு வரியை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வாய்வழியாகக் கைமாற்றினோம். யாருக்கு நிற்கும்? குளிக்கப் போனால் போன் வரும். தலையில் சோப்போடு நின்று எழுத்தெழுத்தாகச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரருக்கே பாதி மனப்பாடம் ஆகியிருக்கும். இது மேனேஜர் காதுக்குப் போனதும் வைத்தியம் சொன்னார்: ஷீட் போட்டு ஒட்டு.

எங்கள் கம்பெனியில் சுவரில் ஒட்டாத வேலை வேலையே இல்லை. கை கழுவுவது எப்படி என்று ஆறு படங்களோடு ஒட்டியிருக்கும், குழாயில் தண்ணீர் வராது. ஆடிட் நாளில் வேலை தெரியாதவனுக்கு மார்க் குறையாது, ஷீட் இல்லாத மேசைக்குக் குறையும். ஆகவே மெயில் திறப்பதற்கும் ஒரு செய்முறை ஷீட். அதைத் தயார் செய்யும் வேலை டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணுக்கு வந்தது. சங்கரன்கோவில் பக்கம், மண்ணூரில் ஹாஸ்டல், கான்ட்ராக்ட். அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் இருந்தவள்.

அவள் பேப்பரோடு என்னிடம் வந்தாள். "சார், இந்த வரியையுமா எழுதணும்? பூட்டிட்டுச் சாவிய அதுலயே தொங்கவிட்ட மாதிரில்லா இருக்கு."

"ஆடிட் வருதும்மா, போட்டுடு" என்றேன். நான்தான் சொன்னேன். படத்தோடு நான்காவது படியாக அந்த வரி ஏறியது, சிவப்பில். கீழே தயாரித்தவர் என்று அவள் பெயர், ஒப்புதல் என்று என் கையெழுத்து. லேமினேஷன் போட்டுத் தூசி படாமல் ஒட்டினோம். மேனேஜர் அதை அந்த மாதத்தின் சிறந்த ஷீட் என்று பாராட்டி, கேன்டீன் வாசல் பலகையிலும் ஒரு காப்பி மாட்டினார். வடை வாங்க வரிசையில் நிற்கிறவர்களெல்லாம் படித்தார்கள்.

கஸ்டமர் தரப்பிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். அவருக்கும் கேன்டீனில்தான் டீ. பலகை முன்னால் நின்று படித்தார், டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அன்று சாயங்காலமே வரைபடம் வருவது நின்றது. பழைய சாவி இனி செல்லாது என்று சாவிக்காரரே அறிவிக்க வேண்டும், எப்படி நடந்தது என்று அவரே எழுதி, அதே சாவியால் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். திறக்கிற அந்தச் சாவியே மெயிலில் கையெழுத்தும் போடும். சாவிக்காரர் நான்.

மேனேஜர் வாசகத்தைத் தயாராகவே வைத்திருந்தார். பயிற்சி இல்லாத கான்ட்ராக்ட் ஆள் தெரியாமல் செய்தது, ஆளை நிறுத்திவிட்டோம் என்று.

"ஷீட்ல அந்தப் பொண்ணு பேரு கீதுல்ல? எப்படியும் மாசக் கடைசில போறவதான். இதுல இன்னா உனக்கு?"

பலகையில் மாட்டியவர் பேசுகிறார். எனக்கு வந்த இளக்காரத்தில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. அவள் கேட்ட கேள்வி அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்திருந்தது.

அவர் அறையைவிட்டுப் போகும்வரை தட்டச்சு செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். போன பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். ஒப்புதல் கொடுத்தது நான், இதையும் எழுத வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள், நான்தான் போடச் சொன்னேன், பலகையில் மாட்டச் சொன்னது மேனேஜர், இப்போது அவளை நிறுத்தப் பார்க்கிறார்கள். வரியை அடித்து ஒப்பமிட்டு அனுப்பினேன். பிறகு அந்தச் சாவியைச் செல்லாததாக்கினேன்.

எனக்கு மெமோ வந்தது. மேனேஜர் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது எனக்கு லாபம். கஸ்டமர் மூன்று ஷிஃப்டுக்கும் மூன்று தனிச் சாவி கேட்டார்கள், கம்ப்யூட்டர்காரர் ஆரம்பத்திலேயே சொன்ன அதே மூன்று. கேள்வி கேட்டவளை அனுப்பிவிட்டு ஒட்டச் சொன்னவர்களை வைத்திருக்கப் போகிறீர்களா என்று மெயிலில் ஒரு வரி இருந்ததாம். அவள் கான்ட்ராக்ட் நீண்டது, ஒரு சாவியும் அவள் பெயரில் வந்தது. என்னிடம் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. தன் வரியை அடிக்கும்போது, "சார், அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினேன்.

அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் மேசையில் இருந்தேன். கம்ப்யூட்டரை முழுசாக அணைத்தேன். என் புதிய வரியை, எதிலும் பதியாத அந்தச் செத்த கீபோர்டில், விரல்களுக்குப் பழகும்வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.