பச்சைப் பெயிண்ட் வரைக்கும் எழுதிய கோரிக்கை

அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தது நாலு பேர்: அப்பா, அண்ணன், நான், ராசிபுரத்தில் பத்திரம் எழுதுகிற பெரியவர். அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போயிருந்தாள். காப்புரிமை தெரிந்த வக்கீல் யாரும் இல்லை. சேலத்தில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "நம்ம காடு தோட்டம் அத்தனைக்கும் எழுதுன கை இங்க இருக்கையில அங்கெதுக்குடா போய்க்கிட்டு?" என்றார் அப்பா.

எழுத வேண்டியது அண்ணன் செய்த கிளாம்புக்குக் காப்புரிமை விண்ணப்பம். அவன் எட்டாவதோடு நின்று, போர்வெல்லில் மோட்டார் தூக்குகிற வேலைக்குப் போனவன். பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, கீழே தொங்குகிற மிச்சத்தைக் குழிவாயில் ஒரு கிளாம்ப் கவ்விக்கொண்டிருக்கும். அது வழுக்கினால் பைப்பும் மோட்டாரும் பாதாளத்துக்குப் போய்விடும், பழி தூக்கியவன் தலையில். அண்ணனுடைய கிளாம்ப் பாரம் கூடக் கூடத் தானாக இறுகும். இனி அதையே செய்து விற்றுப் பிழைப்பது என்று வேலையை விட்டுவிட்டான். அவனுக்காகக் கரட்டடியில் முப்பது சென்ட் காட்டை விற்றிருந்தோம்.

வீட்டில் காலேஜ் போனவன் நான் ஒருத்தன்தான். விதிகளைப் படித்தேன். தனி ஆள் ஆன்லைனில் போட்டால் கட்டணம் ஆயிரத்து அறுநூறு, பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க நாலாயிரம். விண்ணப்பம் போடுமுன் ஊர் பார்த்துவிட்டால் புதுசு என்ற பேச்சே போய்விடும் என்பதால், கிளாம்பைச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். கடைசியில் வருகிற 'கோரிக்கை'தான் உயிர், நமக்கு எது சொந்தம் என்று சொல்வது அதுதான் என்றும் படித்திருந்தேன். தனித்தனியாகப் பத்துக் கோரிக்கை வரை போடலாம், கூடுதல் காசு கிடையாது என்றேன்.

"சொத்து விவரத்தைப் பிச்சுப் பிச்சு எழுதுனா கேசு வரும் சாமி, ஒண்ணாவே எழுதுவோம்" என்றார் பெரியவர். "எழுத்துல ஒண்ணு உட்டாலும் எதிராளி அதுல வந்து உக்காந்துக்குவான். கிணத்துல பாதி, வண்டித்தடம், தென்னமரம் நாலுன்னு எழுதுனதாலதான் உங்கப்பன் பங்காளிககிட்டத் தப்பிச்சது."

அப்படியே எழுதினார். லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய தாடை, அதற்குள் ஒட்டிய டயர் ரப்பர், மூன்று போல்ட், பைக் செயின், பாரத்தில் இறுகும் நெம்புகோல். நான் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் மாற்றினேன்.

"பெயிண்டு?" என்றார் அப்பா.

"அதெதுக்குங்கப்பா?"

"நாளைக்கு எவனாச்சும் நீலத்தை அடிச்சுப்போட்டு இது வேறம்பான். பச்சைன்னு போடு."

போட்டேன். ரசீது வந்ததும் சாக்கை எடுத்தோம், அண்ணன் விற்க ஆரம்பித்தான். காப்புரிமை அலுவலகத்திலிருந்து பெரிதாக ஒரு ஆட்சேபமும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் காப்புரிமையே வந்துவிட்டது. அம்மா அந்தச் சான்றிதழின் நாலு மூலைக்கும் சந்தனம் வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எடப்பாடிப் பக்கம் ஒரு லேத்துக்காரர் அதே கிளாம்பை இறக்கினார். செயினுக்குப் பதில் கம்பிக் கயிறு. ரப்பர் இல்லை. நீலப் பெயிண்ட். விலையும் குறைவு. எங்கள் சரக்கு கேட்பாரற்றுக் கிடந்தது. நோட்டீஸ் விடலாம் என்று அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் சேலம் போனோம்.

நான் அன்றைக்குச் சொன்ன அந்த வக்கீலம்மா கோரிக்கையை இரண்டு தரம் படித்தார். "யாருங்க எழுதினது?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பத்திரக்காரருங்க. ஒண்ணு உடலீங்க."

"அதனாலதாங்க போச்சு. நிலத்துக்கு எழுத எழுதச் சொத்து சேரும். இதுக்கு எழுத எழுதச் சுருங்கும். இதுல சொன்ன அத்தனையும் ஒண்ணா இருந்தாத்தான் உங்களுது. அவர் ரப்பரை எடுத்துட்டார், வெளிய போயிட்டார். பாரத்துல இறுகற நெம்பை மட்டும் எழுதியிருந்தீங்கன்னா அவர் தப்பிச்சிருக்க முடியாது."

"அப்ப அந்தப் பச்சையையும் ரப்பரையும் அடிச்சுப்போடலாமுங்களா?" அப்பா கேட்டார்.

"வந்த உரிமையைக் குறுக்கறதுக்கு விடுவாங்க. அடிச்சா அகலமாகும், அதுக்கு விடமாட்டாங்க."

"புதுசா ஒண்ணு போட்டா?" என்றேன். பதில் எனக்கே தெரியும்.

"இத்தனை நாளா ஊரெல்லாம் வித்துட்டீங்களே தம்பி."

அண்ணன் பஸ்ஸில் மல்லூர் தாண்டியபிறகு, "ரப்பர் இல்லாமயும் புடி நல்லாத்தான் இருக்குது. அந்த நீலத்துல பாத்தேன்" என்றான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் பழைய முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றான். "என்னப்பா, கம்பெனி ஓனரு!" என்று அவர் சிரித்தாராம். மோட்டார் தூக்கச் சேர்த்துக்கொண்டார், முன்பிருந்த கூலியைவிடக் குறைத்து. அங்கே குழிவாயில் கிடப்பது நீலக் கிளாம்ப்தான். எங்களுடையதை எடைக்குப் போட்டோம்.

விண்ணப்பம், பரிசோதனை, இரும்பு, லேத் கூலி, வக்கீலம்மாவுக்குக் கொடுத்தது எல்லாம் கூட்டி, விற்ற காசையும் எடைக்குப் போட்ட காசையும் கழித்தால், கையை விட்டுப் போனது மூன்று லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.