மிச்சேப்பு

ராயபுரத்தில் ஒரு பழைய மரச்சாமான் கடையைக் கடக்கும்போது துருவும் பழங்குழம்பும் கலந்த வாசனை வந்தது. கால்கள் தாமாக நின்றன. கம்பிவலைக் கதவு போட்ட சின்ன அலமாரி. "இது மிச்சேப்புதானே?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "மீட் சேஃப்புமா அது. வெள்ளக்காரன் வூட்ல கறி வெக்கிற பொட்டி. நம்ம ஜனம் வாயில பூந்து அப்டி ஆயிட்ச்சு."

இத்தனை வயது வரை, மிச்சம் வைப்பதால்தான் அது மிச்சேப்பு என்று நம்பியிருந்தேன். பேசின் பிரிட்ஜ் பக்கம், இன்று மேம்பாலத் தூண் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில், எறும்பு ஏறாமல் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய டப்பா மூடிகளில் நிற்க, ரயில் போகும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் நடுங்க, மூலையில் இருந்த மிச்சேப்புக்குள் கறி மிஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஆனால் ரயில்வே யார்டு வேலை முடிந்து அப்பா நேரங்கெட்டு வந்தாலும், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தாலும், ஒரு கிண்ணம் சோறும் குழம்பும் அதிலிருந்து வெளியே வரும்.

நாங்கள் சட்டியை வழித்துத்தானே சாப்பிடுகிறோம், எப்படி மிஞ்சுகிறது என்று அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். எங்கள் தட்டுகள் இன்னும் காலியாக இருந்தன. முதல் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து, வலைக்கதவைச் சாத்தியபடி அம்மா சொன்னாள்:

"மிச்சம் இன்னா, தானா வருமாடி? வெச்சாத்தான் வரும்."