ஆடுகிற சோங்கு

என் மனைவி துவக்குச் சுடுகிறவள். இதைப் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன், முந்தி அங்கை..." என்று இழுப்பார்கள். இல்லை. அவள் முந்தி இயக்கத்திலும் இல்லை, வேறெங்கேயும் இல்லை. ரொய்சி விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளைத் திரையில் பார்த்துச் சோதிக்கிற வேலை அவளுக்கு. கூட வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை தன்னுடைய சுடும் கழகத்துக்கு அவளைக் கூட்டிப் போனாள். போனவள் அடுத்த சனியும் போனாள். கூசேன்வில்லில் எங்கள் வீட்டுச் சுவரோடு இறுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள், பிரிஃபெக்ச்சர் என்கிற மாவட்ட அரச அலுவலகத்தின் அனுமதியோடு, இப்போது ஒரு துவக்கு இருக்கிறது. உருவம் அமெரிக்கப் படையின் துவக்கு. சுடுவதோ விரல் நகத்தளவு ரவை. கடதாசி இலக்கைத் தவிர வேறொன்றையும் அது கண்டதில்லை.

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்வது எனக்குப் பழக்கம். கோபம் வந்தால் ஒழுங்கு குலையும். இந்த விடயத்தில் என் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் கூடுதல் கவனத்தோடு எழுதுகிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் முதல் முறையாகப் பிராந்தியப் போட்டிக்குத் தெரிவானாள். போட்டி மார்ச் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் சனவரியிலேயே ஒரு சிக்கல் வந்துவிட்டது. துவக்கில் தோளோடு பதிகிற பின்பகுதியை எங்கள் ஆட்கள் சோங்கு என்போம். அவளுடைய துவக்கோடு வந்த சோங்கு நீளம் மாற்ற முடியாதது. ஆறடி மனிதனுக்கென்று வார்த்தது. அவளோ எட்டிப் பிடித்தால்தான் பேருந்தில் கைப்பிடி எட்டும் உயரம். அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்ட வேண்டும், கண் குறிபார்க்கும் கோட்டுக்கு வராது. இவ்வளவு காலமும் கழகத்தில் ஒருவர் தன்னுடைய நீளம் மாற்றக்கூடிய சோங்கை இரவல் கொடுத்திருந்தார். அதில்தான் அவள் தெரிவானாள். அவர் லியோனுக்கு வீடு மாறினார். சோங்கும் அவரோடு போய்விட்டது.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை. சோங்கு வெறும் உதிரிப்பாகம். ஒரேயொரு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த வகைத் துவக்கின் பின்னால் ஒரு உலோகக் குழாய் நீண்டிருக்கும். சோங்கு அதன் மேல் உறை மாதிரி ஏறி, முன்னும் பின்னும் நகர்ந்து, வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். அந்தக் குழாய் உலகத்தில் இரண்டு அளவில் இருக்கிறது. ஒன்றைப் படை அளவு என்கிறார்கள், மற்றதை வணிக அளவு. படைக்குச் செய்கிற குழாய் கொஞ்சம் மெல்லியது. வெளியாருக்கு மலிவாகச் செய்யத் தொடங்கிய கம்பெனிகள், புரி வெட்டுகிற முறையை மாற்றியதில் குழாயைச் சற்றுத் தடிப்பாக்கிவிட்டன. இரண்டும் துவக்கில் ஒரே புரியில்தான் ஏறும், கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் அரை மில்லிமீற்றர். படை அளவுச் சோங்கு தடித்த குழாயில் ஏறவே ஏறாது. வணிக அளவுச் சோங்கு மெல்லிய குழாயில் ஏறும். ஏறிவிட்டு ஆடும். இரண்டாவதுதான் மோசமானது. ஏறாதது உடனே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு பொருளுக்கு இரண்டு அளவு வைத்துவிட்டு உலகத்தைத் தடுமாற விட்டவர்கள் மேல் எனக்கு அப்போதே எரிச்சல்தான். நான் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். அளவு மாறி வந்த சாமானைத் திருப்பி அனுப்புவதிலேயே என் அரைவாசி ஆயுள் போய்விட்டது.

அவளுடைய குழாய் படை அளவு. அவளே அளந்து பார்த்தாள். வேண்டிய சோங்கின் படம், பெயர், எண், படை அளவைக் குறிக்கும் "மிலித்தேர்" என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கீழே கோடு, எல்லாவற்றையும் தமையனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அவளுடைய தமையன், என் மச்சான், லாச்சப்பலின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் பகலில் வேலை என்பதால் வீட்டுக்கு வரும் கொலி, தபால் பொதி, எல்லாம் ஆளில்லை என்று திரும்பிப் போகும். ஆகவே எங்கள் குடும்பத்தின் அத்தனை பொதிகளும் அவர் கடை முகவரிக்குத்தான். "நானே ஓடர் போட்டுத் தாறன், என்ர கணக்கிலை விலைக்கழிவு கிடைக்கும்" என்று அவராகத்தான் சொன்னார்.

பெப்ரவரியின் கடைசிச் சனிக்கிழமை அதை எடுக்கப் போனோம். கடையில் நாலைந்து பேர். அவள் வாசலில் நின்றே, சத்தமாக, "அண்ணை, என்ர சோங்கு வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

கழகத்தில் அவள் பிரெஞ்சில் குறோஸ் என்றுதான் சொல்வாள். தமையனைக் கண்டதும் தமிழ் வந்துவிட்டது. கடை அப்படியே அடங்கிப்போனது. எங்கள் தலைமுறையில் ரவை பட்டவர்களைவிடச் சோங்கால் அடிபட்டவர்கள் அதிகம். முதுகில், முழங்காலில், வாயில். எனக்குத் தோள்பட்டையில். அந்தச் சொல்லைப் பத்து வருடமாக நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை.

மின்னேற்றி வாங்க வந்த ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன தங்கச்சி, திரும்பவும் தொடங்கப் போறியளோ? சொன்னால் நாங்களும் ஒரு கை தருவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "விளையாட்டுப் போட்டிக்கு" என்றேன்.

"விளையாட்டோ? நல்ல விளையாட்டு. என்ர மனிசி தையல் பழகுறா."

"நல்லது அண்ணை" என்றாள் இவள். "உங்கட வாயைத் தைக்கச் சொல்லுங்கோ."

இந்த முறை சிரித்தவர்கள் வேறு திசையில் சிரித்தார்கள். பொதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

வீட்டில் பிரித்து மாட்டினாள். ஏறியது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு தோளில் வைத்துக் கன்னத்தைப் பதித்தாள். டக். கன்னத்தை எடுத்தாள். டக். கையால் பிடித்து அசைத்தாள். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. கழற்றி, உள்விட்டத்தை அளந்து, பெட்டிக்குள் இருந்த சீட்டில் அளவைப் பார்த்தாள். கொமேர்சியல்.

மறுநாள் கழகத்தில் அதோடு சுட்டும் பார்த்தாள். இரவல் சோங்கில் ஒரு காசுக்குள் அடங்கிய துளைகள் அன்று இலக்கெங்கும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு முறையும் கன்னம் வேறு இடத்தில் பதிகிறது என்றாள். போட்டிக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

திங்கட்கிழமை நான் தொலைபேசியில் கேட்டபோது மச்சான் சொன்னது இது: "ஏறினதுதானே? பிறகென்ன? உள்ளுக்கை ஒட்டுற ரேப் சுத்தி விடு. எல்லாம் ஒண்டுதான்."

எல்லாம் ஒன்றுதான். இந்த இரண்டு சொல்லால் எங்கள் ஆட்கள் எத்தனை சாமானை, எத்தனை மனிதர்களைப் பாழாக்கியிருக்கிறோம் என்று அன்று ரயிலில் வழி முழுவதும் நினைத்துக்கொண்டே வந்தேன். அதுவும் யார் சொல்வது? தொலைபேசி உறை விற்கிறவர்! பதின்மூன்றாம் மொடலின் உறை பதின்மூன்று ப்ரோவுக்குப் பொருந்தாது, கமராத் துளை ஒரு இழை பெரிது என்று வாடிக்கையாளர்களோடு நாள் முழுவதும் வாதாடுகிறவர். தன் சாமான் என்றால் ஒரு இழைக்குக் கணக்கு. தங்கச்சியின் சாமான் என்றால் எல்லாம் ஒன்று.

அடுத்த நாள் வேலை முடிந்து இருவரும் நேரே கடைக்குப் போனோம். நான் ஆடுகிற சோங்கை மேசையில் வைத்தேன்.

"இவள் அனுப்பினது மிலித்தேர். நீ எடுத்தது கொமேர்சியல். மாறி வந்ததோ, நீ மாத்தினியோ?"

"ஏன் கத்துறாய் மச்சான்? ஆக்கள் வருகினம்."

"மாத்தினியோ?"

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். "ஓம், மாத்தினனான். நான் என்ன செய்யிறது? மிலித்தேர் எண்டு போட்டிருந்தவன். என்ர பெயரிலை, என்ர கடை முகவரிக்கு, மிலித்தேர் எண்டு எழுதின பெட்டி துவானுக்குள்ளாலை, சுங்கக்காரர் பாக்க, வந்தால் என்ன நினைப்பாங்கள்? என்ர நசனாலித்தே விண்ணப்பம் பிரிஃபெக்ச்சரிலை கிடக்கு. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எத்தினை வருசமாய்ப் பாத்துக்கொண்டு நிக்கிறன் தெரியுமோ? கீழை பாத்தால் கொமேர்சியல் எண்டும் கிடந்தது. நான் கொமேர்சன்தானே? கடை வைச்சிருக்கிற ஆளுக்குரியது எண்டு அதைப் போட்டன்."

வணிக அளவை வணிகருக்குரியது என்று எடுத்திருக்கிறார்! எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் ஒரு மனிதன் இப்படிப் பிழைவிட முடியாது. ஆமியின் சொல் ஒன்று தன் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் ஆளைத் தூக்குவார்கள் என்று பழகிய புத்தி அது. ஊரில், சீருடை நிறத்தில் பச்சைச் சட்டை போட்டதற்காகவே வீட்டுக்கு வராமல் போனவர்களை எனக்கும் தெரியும். அதனால் என் கோபம் குறைந்ததா? இல்லை, கூடியது. பயந்தால் பயம் என்று சொல்ல வேண்டியதுதானே. என் கிடங்கு முகவரிக்கு எடுத்திருப்பேன். சொல்லாமல் மாற்றிவிட்டு, கேட்டால் ரேப் சுத்து என்றவர். அவளுக்குத் தெரியவா போகிறது என்ற நினைப்புத்தானே அது?

இதையெல்லாம் நான் சொன்னேன். இங்கே எழுதியிருப்பதைவிடக் கேவலமான சொற்களில் சொன்னேன்.

இவள் மட்டும் கத்தவில்லை. வாங்கிய இணையக் கடையின் தொலைபேசி எண்ணைத் தன் கைப்பேசியில் எடுத்து, தமையனின் முன்னால் வைத்தாள். "உங்கட கணக்கிலை எடுத்தது. நீங்கள் கதைச்சால்தான் மாத்தித் தருவாங்கள். கதையுங்கோ."

"இப்பவோ? பிறகு கதைக்கிறன்."

"இப்ப."

அந்த நேரம் பார்த்து மின்னேற்றிக்காரரும் வந்து நின்றார்; வாங்கினது பொருந்தவில்லையாம். மச்சான் தொலைபேசியை எடுத்தார். வணக்கம் சொன்னார், ஓடர் இலக்கம் சொன்னார், பிழையாக எடுத்துவிட்டேன் என்றார். பிறகு மறுமுனையில் வேண்டிய அளவைக் கேட்டிருக்க வேண்டும். கையால் வாயை மறைத்துக்கொண்டு, மூச்சுக்குள், "மிலித்தேர்" என்றார். மறுமுனையில் விளங்கவில்லை. திரும்பவும் அதே மூச்சு. விளங்கவில்லை.

"அண்ணை, அவைக்குக் கேக்கேல்லை. பலமாய்ச் சொல்லுங்கோ."

"மிலித்தேர்!" என்று கத்தினார். தெருவில் போன ஒரு பிரெஞ்சுக் கிழவி கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மின்னேற்றிக்காரர் மட்டும், "அப்ப உண்மையாய்த் தொடங்கப் போறியள்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை பொதி வந்தது. எடுக்கப் போனது நான். மச்சான் அதை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். வெளியில் எடுத்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். "விளையாட்டுத் துணைச் சாமான்" என்று பிரெஞ்சில் இருந்தது. அவ்வளவுதான். மிலித்தேர் என்ற சொல்லே இல்லை. முதல் பெட்டியும் இன்னும் வீட்டில்தான் கிடந்தது. அதன் மேலும் அதே சீட்டு. அவர் ஒரு தரம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், வெளியில் அளவே எழுதுவதில்லை என்று தெரிந்திருக்கும்.

சீட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசித்தார். "எனக்கென்ன தெரியும்" என்றார். நான் பொதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாய் திறந்திருந்தால் குடும்பம் இரண்டாகியிருக்கும்.

அன்று மாலை அவள் மாட்டினாள். குழாயில் ஏறும்போது கொஞ்சம் இறுக்கமாக, காற்றைத் தள்ளிக்கொண்டு போனது. மூன்றாவது துளையில் பூட்டினாள். கன்னத்தைப் பதித்தாள், எடுத்தாள், பதித்தாள். சத்தமே இல்லை. நான் பிடித்து உலுப்பிப் பார்த்தேன். துவக்கு முழுவதும் ஒரே துண்டாக அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட்டியில் அவள் பட்டியலின் நடுவில் வந்தாள். அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் இரவல் சோங்கில் எடுத்த புள்ளிகளைவிடக் கூட எடுத்தாள்.

மறுவாரம் கடைக்குப் போனபோது மச்சான் ஒரு பெண்ணிடம் உறை ஒன்றை நீட்டி, "இல்லை அக்கா, உங்கடை ப்ரோ, இது ஏறும், ஆனால் நிக்காது" என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "என்ன, கப் எங்கை?" என்றார்.

"கப் இல்லை" என்றேன்.

"முதல் மூண்டுக்குள்ளையும் வரேல்லையோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கடா அந்தச் சத்தம் போட்டனீங்கள்? அந்த முதல் சோங்கே போதுமே!"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். இவள் என்னை முந்திக்கொண்டாள். அந்தப் பெண் திருப்பிக் கொடுத்த உறையை மேசையிலிருந்து எடுத்து, தமையனின் சற்றுச் சிறிய சொந்தக் கைப்பேசியில் கொளுவி, இரண்டையும் அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டினாள். டக், டக், டக்.

"ஏறினதுதானே அண்ணை" என்றாள். "இனி இதோடையே திரியுங்கோ."