நரிச் சுருக்குக்கு ஒரு பூட்டு

எங்கள் பட்டறையில் பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கிறோம். தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்குத் தோல் வேலை. அவர்களுக்கு வேண்டிய பக்கிள், வளையம், கொக்கி எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். ரெடிமேட் பக்கிள் பெட்டி பெட்டியாக வந்து இறங்க ஆரம்பித்ததிலிருந்து பிரஸ் மெஷின் வாரத்தில் மூன்று நாள் சும்மா நின்றது. மெஷின் சும்மா நின்றால் எனக்குக் கோபம் வரும். வந்த கோபம் யார் எதிரில் இருக்கிறார்களோ அவர்கள் மேல் விழும். எதிரில் எப்போதும் இருந்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன்.

மெஷினில் தகட்டுக்கு உருவம் கொடுக்கிற இரும்பு அச்சைத்தான் டை என்போம். பட்டறையில் உள்ள டை எல்லாம் அவர் வெட்டியவை. அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்ப்பார், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மறுபடி ஒரு தேய்ப்பு. தலைபோகிற அவசரம் என்றாலும் அந்த மூன்றாவது தேய்ப்பு உண்டு. வேலை குறைந்ததும் அவருடைய மகன் ஐரோலியில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்துவிட்டான். உட்கார்ந்தே சம்பளம் வாங்கலாம் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். மச்சானுக்குப் போக மனசில்லை. ஒரு புது ஆர்டர் வரட்டும், வந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால், முதல் தேதியிலிருந்து ஐரோலி.

அப்போதுதான் செம்பூரில் ஆபீஸ் வைத்திருக்கும் எக்ஸ்போர்ட் ஏஜென்ட் கூப்பிட்டார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் சந்தனம் இல்லாமல் பார்த்ததில்லை. மேஜை மேல் ஒரு படத்தை விரித்தார். ஏதோ குளிர் தேசத்தில் உரோமத் தோலுக்காக நரி பிடிக்கிறார்களாம். அதற்குச் சுருக்கு வேண்டும். மெல்லிய கேபிளில் ஒரு கண்ணி, கண்ணியில் ஓடுகிற ஒரு சின்னப் பூட்டு, அவ்வளவுதான். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, “நான் வெங்காயம்கூடத் தொடறதில்லை. ஆனா எக்ஸ்போர்ட்னு வந்துட்டா நமக்கு எல்லாமே அயிட்டம்தான்” என்றார்.

சிக்கல் என்னவென்றால், இதுதான் வேண்டும் என்று வாங்குகிறவன் சொல்லவில்லை. மூன்று பூட்டின் படம், இரண்டு கேபிளின் விவரம் அனுப்பியிருந்தான். உங்களால் நன்றாகச் செய்ய முடிந்த ஜோடியை நீங்களே தேர்ந்தெடுத்து ஐம்பது சாம்பிள் அனுப்புங்கள் என்று ஒரு வரி. நான் என்ன நரி பிடிக்கிறவனா? எனக்கு நரியைச் சினிமாவில் பார்த்த பழக்கம்கூடச் சரியாக இல்லை.

கேபிளில் ஆரம்பித்தோம். ரெண்டு மில்லிமீட்டர் கனம். அதில் ஏழு இழையை முறுக்கி, அப்படி ஏழு முறுக்கைச் சேர்த்தது ஒரு வகை. முறுக்குக்குப் பத்தொன்பது இழை வைத்தது இன்னொரு வகை. மசூதி பந்தர் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒருவன் சைக்கிள் பிரேக் வயரைக் காட்டினான். ஒருவன் லிஃப்டுக்குப் போடும் தாம்புக்கயிற்றைக் காட்டி, இதில் யானையே தொங்கும் என்றான். மூன்றாவது கடையில் எதற்கு என்று கேட்டார்கள். நான் ஒரு மடையன், படத்தை எடுத்து நீட்டினேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மலைப் பக்கம் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் சிறுத்தை மாட்டிய செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறார் போல. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் என் கடைக்கு வராதே, போலீஸைக் கூப்பிடுவேன் என்று ஹிந்தியில் கத்த, நாலு பேர் கூடிவிட்டார்கள். இது வெளிநாட்டுக்கு, இங்கே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கடைசியில் வடாலாவில் லாரி சாமான் விற்கும் கடையில் இரண்டு வகையும் கிடைத்தது. அவர்கள் எதற்கு என்று கேட்கவில்லை. மச்சான் இரண்டிலும் ஒரு முழம் வெட்டி வளையமாக வளைத்துப் பிடித்தார். பத்தொன்பது இழைக்காரன் சோர்ந்து தொங்கினான். ஏழு இழைக்காரன் விறைப்பாக வட்டம் கலையாமல் நின்றான். நரி வரும்வரை கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டாமா, அதனால் விறைப்பானதுதான் சரி என்றார். சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் இரண்டு நாள் அலைந்த எரிச்சலில் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது பூட்டு. ஒன்றில் உள்ளே பல் இருந்தது. கேபிள் முன்னால் ஓடும், பின்னால் வராது. அதை ஒரே அடியில் அடித்துவிடலாம், பாதி டை எங்களிடமே இருந்தது. இன்னொன்று வளைத்த வாஷர். மூன்றாவது ‘ட’ மாதிரி மடங்கிய சின்னத் தகடு, அதில் இரண்டு ஓட்டை. மடிப்புக் கோணம் கொஞ்சம் தப்பினாலும் கேபிளைக் கடிக்காது, அல்லது கடித்தால் விடாது. நான் பல் பூட்டு என்றேன். மச்சான் கையால் ஒரு பல் பூட்டு செய்து, கண்ணி கட்டி, என் முழங்கையில் மாட்டி, இழுத்துப் பாரும் என்றார். இழுத்தேன். இறுகியது. நிறுத்தியதும் தளரும் என்று பார்த்தால் தளரவில்லை. கையை உருவப் பார்த்தேன், இன்னும் இறுகியது. விரல் நிறம் மாறியபோது நிஜமாகவே பயந்துவிட்டேன். கட்டரை வைத்து அவர்தான் வெட்டிவிட்டார்.

வாங்குகிறவன் அனுப்பிய தாளிலேயே இருந்ததாம்: இழுத்தால் இறுகணும், நின்றால் தளரணும், இல்லாவிட்டால் அந்த ஊர்ச் சட்டம் ஒப்பாது. மகனை விட்டுப் படிக்கச் சொல்லி மச்சான் கேட்டிருக்கிறார். நான் அந்தத் தாளை நாலு தடவை படித்தவன்.

‘ட’ பூட்டுக்குப் புது டை வெட்டப் பதினொரு நாள் ஆனது. நான் பதினொரு நாளும் முணுமுணுத்தேன். ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கேபிள் இழை அறும், மழுங்கினால் வழுக்கும் என்று அவர் அரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பூட்டையும் என் கையில்தான் மாட்டிப் பார்த்தார். இழுத்தேன், பிடித்தது. நிறுத்தினேன், விட்டது. பிறகு, வாசனை இருக்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்ததால், கேபிளையும் பூட்டையும் சோடா உப்புப் போட்டு ஒரு நாள் முழுக்க வேகவைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு போய், மினுமினுப்பும் போய், மங்கலாக வெளியே வந்தது. ஐம்பது சுருக்கையும் கட்டி வெயிலில் காய வைத்தார்.

கூரியர் வெள்ளிக்கிழமை. எங்கள் பட்டறையில் புது டையில் அடித்த முதல் சரக்கைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்காமல் வெளியே விட்டதில்லை. பெட்டியைத் திறந்தே வைத்தேன். முதல் பூட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். தூபக்காலில் சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டு, பெட்டிக்குள் புகை நிறையும்வரை காட்டினேன். அதற்குப் பிறகுதான் டேப் ஒட்டினேன். மச்சான் அப்போது மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஏஜென்ட் போன் செய்தார். “சாம்பிள் ரிஜெக்ட் ஆயிடுத்து. ரெண்டு நாள்ல மெயிலை அனுப்பறேன்” என்றார். என்ன குறை என்று நான் கேட்கவில்லை. அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன், எதிரில் மச்சான் இருந்தார்.

“மூணாவது பூட்டுதான் வேணும்னு நின்னது நீங்கதான? பதினோரு நாளு அரத்தத் தேச்சு என்ன கண்டீய? ஒங்க பூட்ட நம்பி ஒரு நரிகூட மாட்டாது.”

பக்கத்துப் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் அரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் வைத்தார். கைகழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். முதல் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவர் முதல் தேதிவரை காத்திருக்கவில்லை, மறுநாளே ஐரோலியில் சேர்ந்துவிட்டார். வீட்டில் என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் என்று சொன்ன மெயில் பத்து நாள் கழித்து வந்தது. பொறுமையாகப் படித்தேன், படிக்கப் படிக்கக் காது சுட்டது. கேபிள் தேர்வு சரி. பூட்டு, அவன் இதுவரை பார்த்த சாம்பிள்களிலேயே நல்ல வேலை. விட்டதும் தளர்கிற அழகைத் தனியாக எழுதியிருந்தான். ஆனால் பெட்டியைத் திறந்ததும் ஒரு கடுமையான வாசனை, எத்தனை தடவை கழுவியும் போகவில்லை, இதை வைத்தால் நரி அந்தப் பக்கமே வராது. என்ன ரசாயனம் போட்டீர்கள், அதில்லாமல் இன்னொரு ஐம்பது அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான்.

ரசாயனமாம். வாசனை கூடாது என்று படித்தபோது எனக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது, மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. சாம்பிராணியை நாங்கள் வாசனைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது நல்லது நடப்பதற்காகப் போடுவது. அந்த மனுஷன் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்று வேகவைத்து எடுத்ததை, நான் கால் மணி நேரத்தில் கெடுத்திருக்கிறேன். கெடுத்துவிட்டு, அவரை ஊர் பார்க்கத் திட்டியும் இருக்கிறேன்.

மறுநாள் சயானில் பஸ் பிடித்து ஐரோலி போனேன். கம்பெனி கேட்டில் நீலச் சட்டையோடு மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிது. என்னைப் பார்த்ததும் எழுந்து, தங்கச்சி நல்லாருக்காளா என்று கேட்டார். நான் பையிலிருந்து மெயிலை எடுத்தேன்.

“பூட்டுல ஒரு கொறையும் இல்லயாம் மச்சான். நான் சாம்பிராணி போட்டதுதான் தப்பு. எம்மேலதான் தப்பு.”

மெயிலைப் படிக்கச் சொன்னார். இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். பூட்டைப் பற்றிய வரியை மறுபடி ஒரு தடவை கேட்டார். மறுபடியும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். இனி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் சாம்பிள் போகணும், நாளைக்கே வாங்க என்றேன்.

“அவன் எழுதி அனுப்புனாத்தான் ஒமக்குத் தெரியுமா மாப்ள? பக்கத்துலயே இருந்து பாத்தீரே.”

வெட்கமாக இருந்தது. கோபப்பட்டாவது தப்பிக்கலாம் என்றால் அன்றைக்கு அதுவும் வரவில்லை.

“டை எண்ணெ போட்டு டப்பால வச்சிருக்கேன்” என்றார். “அத வச்சு நீரே அடிச்சு அனுப்பும், ஒண்ணும் தப்பாது. நான் இங்கயே இருந்துக்கிடுதேன். இங்க யாரும் என்ன ஒண்ணும் சொல்றதில்ல.”

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. மச்சான் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார்.