கடைசி வரி வந்ததா?

ஒரு பட்டியல் கைக்கு வந்தால் நீங்கள் எங்கிருந்து படிக்கத் தொடங்குவீர்கள்? மேலிருந்துதானே? டோவேரா முன்தாலி அடியிலிருந்து தொடங்குவார். கடைசித் தாளைத்தான் முதலில் உருவுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்து, "வால் வந்துருச்சு" என்பார். அதன் பிறகுதான் தேநீரும், மந்தாசி என்னும் எண்ணெய்ப் பலகாரமும்.

மலாவியின் வடக்கே எங்கள் மாவட்ட வேளாண்மை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது நாற்பத்தாறு. காலில் எப்போதும் ஆண்கள் அணியும் ரப்பர் செருப்பு. மினிபஸ்ஸில் ஏறினால் ஓட்டுநரைச் சும்மா விடமாட்டார். "எல்லாரும் ஏறியாச்சா, இல்ல ஏறிக்கிட்டே இருக்காங்களா?" "அம்மா, இது வண்டி. உங்க கம்ப்யூட்டர் இல்ல." "ரெண்டும் பாதியில கிளம்பும்ல, தம்பி!"

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இசட் என்ற ஆங்கில எழுத்து. மானிய உரம் பெறும் குடும்பங்களின் பட்டியல், பெயருக்கொரு படத்துடன், ஆங்கில எழுத்து வரிசையில் தலைநகரிலிருந்து வரும். அங்கே பதினொன்றரை மணிக்கு அதைப் பொதுக் கணினியில் ஏற்றத் தொடங்குவார்கள். பன்னிரண்டு மணிக்கு எங்கள் இயந்திரம் யாரும் சொல்லாமலே அதை எடுத்து அச்சடித்துவிடும். பட்டியல் சிறிதாக இருந்த காலத்தில் இதில் தொல்லை இல்லை. பெயர்கள் பெருகப் பெருக, பன்னிரண்டு அடிக்கும்போதும் ஏற்றம் முடியாமல் இருந்தது. எங்கள் இயந்திரம் இருந்தவரை வாரிக்கொண்டது. பிழை என்று ஒரு சொல் காட்டவில்லை. பாதிக் கோப்பும் அதற்குக் கோப்புதான்.

மூன்று ஆண்டுகள் பட்டியலின் கடைசியில் வரும் ஸிம்பாக்களுக்கும் ஸுலுக்களுக்கும் உரம் இல்லை. "உன் பேர் வரல, அடுத்த வருஷம் பாரு" என்று உரம் தரும் சன்னல் சாத்தப்பட்டது. நெலியா ஸிம்பாவின் அரை ஏக்கர் மக்காச்சோளம் இடுப்புயரத்தில் மஞ்சளாகி நின்றது. அந்தக் குடும்பங்களுக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டதாக ஊர் பேசியது. குறி கேட்டார்கள். ஒரு வெள்ளாடு அதற்காகச் செத்தது. பட்டியலை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

டோவேரா செய்தது ஒன்றுதான். உரம் கிடைக்காதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினார். எல்லாம் இசட் என்ற ஒரே எழுத்தில் தொடங்கின. தாளை ஊர்த்தலைவர் முன் நீட்டினார்.

"ஏன் ஐயா, சூனியக்காரனுக்கு ஏபிசிடி தெரியுமா?"

தலைநகரத்துக்குத் தொலைபேசினார். "அம்மா, நான் முழுசாத்தான் போட்டேன்" என்றான் அங்கிருந்த பொறியாளன்.

"போட்ட, சரி. நீ போட்டு முடிக்கிறதுக்குள்ள என் மெஷின் எடுத்துருச்சே! கிண்டிக்கிட்டிருக்கிற நிசிமாக் களிய யாராவது தட்டுல போடுவாங்களா?"

அன்றிலிருந்து ஏற்றும் முறை மாறியது. ஏற்றும்போது கோப்புக்கு ஒரு தற்காலிகப் பெயர். முழுதும் ஏறிய பிறகே அதற்கு உண்மைப் பெயர். அந்தப் பெயரைக் கண்டால்தான் எங்கள் இயந்திரம் எடுக்கும். கடைசி வரியில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண் இருக்கும். எடுத்து வரும்போது வழியில் இணைப்பு அறுந்து அந்த வரி வராமல் போனாலோ, எண்ணிக்கை பொருந்தாவிட்டாலோ அச்சு கிடையாது. இயந்திரம் கோப்பை ஒதுக்கிவைத்து, டோவேராவின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும்.

இந்த நவம்பரில் அந்தச் செய்தி வந்தது. முதல் மழை வரப்போகிறது. வாசலில் உரமூட்டைகளோடு நான்கு லாரிகள். பன்னிரண்டு மணிக்கு இணைப்பு நடுவில் அறுந்தது. அதிகாரி கொண்டோவே உள்ளே வந்தார்.

"அநேகமா எல்லாம் வந்துருச்சில்ல? அச்சடிங்கம்மா. மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் மூட்டை இருக்குமா?"

கொண்டோவே கடிகாரத்தைப் பார்த்தார். "லாரி நிக்குது. மேலயிருந்து போன் மேல போன். மெஷின்தான் வந்தவரைக்கும் எடுத்து வெச்சிருக்கே, நீங்க என்ன தடுக்கிறது?"

"வால் வரல ஐயா. எத்தனை பேரு விட்டுப்போச்சுன்னுகூட நமக்குத் தெரியாது." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன் நகர்த்தினார். "'விட்டுப்போனது எத்தனை பேருன்னு தெரியாமலே அனுப்புறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த நிமிஷமே அச்சடிக்கிறேன்."

பேனா மேசையிலேயே கிடந்தது. உரம் கிடைக்காத அந்த மூன்று ஆண்டுகளில் இந்த அறையில் இத்தகைய கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் போட்டிருக்கவும் மாட்டார்கள். இயந்திரத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. சன்னலைச் சாத்திய கை இயந்திரத்துடையது அல்ல.

இரண்டு நாற்பதுக்கு மறுபடி முயன்றதில் பட்டியல் முழுதாக வந்தது. கடைசி வரி: மொத்தம் 11,482. டோவேரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

அறிவிப்புப் பலகையில் கடைசித் தாளை முதலில் குத்தினார். வாசலில் மண்வெட்டிக் காம்பின்மேல் உட்கார்ந்திருந்த நெலியா ஸிம்பா எழுந்து வந்தாள். குள்ளமான உருவம். குதிகாலைத் தூக்கி அண்ணாந்து பார்த்தாள். டோவேரா நான்கு ஊசிகளையும் பிடுங்கி, தாளை ஒரு முழம் கீழே இறக்கி, அவள் கண்ணுக்கு நேரே மறுபடி குத்தினார்.

உங்கள் ஊர் அலுவலகச் சுவரிலும் ஒரு பட்டியல் தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக்கே போய் அதன் கடைசி வரியைப் படியுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்று அங்கே எழுதியிருக்காவிட்டால், உள்ளே போய்க் கேளுங்கள்.