பெரியம்மா பெயரில் இரண்டு மாதம்

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இன்னும் நிற்கிறது. ரப்பர் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். பள்ளியை ஜெலாப்பாங் பக்கம் மாற்றியபோது நாற்காலி, மேசை, பதிவேடுகள் எல்லாம் லாரியில் போயின. பலகைச் சுவரும் தகரக் கூரையும்தான் மிச்சம். உள்ளே இப்போது உர மூட்டைகள். ஒரே மண்டபம் அது. ஆறு வகுப்புகளுக்கும் கரும்பலகைகளே தடுப்பு. எங்கள் குடும்பத்தில் அங்கே படித்து முடித்த முதல் ஆள் நான்.

அம்மாவும் அங்கே இரண்டு மாதம் போயிருக்கிறார். அவருடைய தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட நிறுத்திவிட்டார்கள்.

அந்த லயத்தில் பிறந்தவர் அம்மா. பிறப்புப் பத்திரம் இல்லாததால் இந்த வயதிலும் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். போன வருடம் குடியுரிமைக்கு மறுபடி மனுப் போடப் போனோம். ஈப்போ பதிவு அலுவலகத்துக் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண், "பழைய பள்ளிப் பதிவு இருந்தா கொண்டாங்கண்ணே, அதாச்சும் ஒரு ஆதாரம் லா" என்றார்.

புதிய பள்ளியின் சாமான் அறையில் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தது. ஓரமெல்லாம் கறையான். தாத்தா பெயர் இருந்தது, லயத்து எண்ணும் சரி. பிள்ளையின் பெயர் மட்டும் வேறு. பிறந்த வருடமும் இரண்டு வருடம் முந்தியது. எழுதியவர் தவறென்று நினைத்து அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன். பதிவேட்டில் இருந்த பெயரைச் சொன்னேன்.

"அது அக்கா பேரு," என்றார்.

"எந்த அக்கா?"

"எனக்கு மூத்தது. காய்ச்சல்ல போயிருச்சு. அதுக்குப் பத்திரம் இருந்துச்சு, எனக்கு இல்ல. அப்பா அதக் காட்டித்தான் சேத்தாரு."

"வாத்தியாருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? இன்னும் ரெண்டு மூணு பிள்ளைங்க அப்படித்தான் வந்துச்சுங்க. பேர் கூப்பிட்டா எனக்கு எந்திரிக்கத் தோணாது. பக்கத்துல உள்ளவ கிள்ளுவா. 'ஏய் செத்தவளே, உன்னத்தான்டி'ம்பா. எல்லாம் சிரிக்கும்."

"அந்தப் பத்திரம் எங்கம்மா?"

"சாவப் பதியணும்னு தோட்டத்து ஆபீஸ் கிராணி வாங்கிட்டுப் போனாரு. அதோட சரி."

இருந்தும் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு அம்மாவுடன் ஈப்போவுக்குப் போனேன். அம்மா பின்னால் நாற்காலியில் இருந்தார். கவுண்டர்ப் பெண் தாளைப் படித்தார், நான் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, இதுல உங்கம்மா இல்லையே. இத உள்ள குடுத்தா பொய்ப் பேர்ல படிச்சாங்கன்னுதான் ஆகும். இருக்கிற மனுவும் கெட்டுரும். வேணாம் லா."

தாளை என் பக்கம் தள்ளினார்.

அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லம்மா."

அம்மா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அக்கா பேரு எங்க இருக்கு?"

விரலால் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மனுவில் ஓர் இடம் நிரப்பாமல் இருந்தது. அம்மா படித்த பள்ளி எது என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பலகை மண்டபத்தில் பழகிய கையெழுத்தில், எதுவும் இல்லை என்று மலாயில் எழுதினேன். கீழே அம்மா பெருவிரலை வைத்தார்.