மரியநாயகியின் சக்களத்தி

மரியநாயகிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். பாரிசில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் அது ஊரறிந்த சங்கதி. இரட்டைக் குழல்காரி. வயதில் மரியநாயகிக்கு மூத்தவள். படுக்கையறை மூலையில், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிக்குள் நிமிர்ந்து நிற்பாள். அலெக்சிஸின் வேட்டைத் துவக்குத்தான் அது. கோபம் வந்தால் மரியநாயகி அதைத் துவக்கு என்று சொல்வதேயில்லை. "உங்கடை மற்றவள்" என்பாள்.

அலெக்சிஸ் முருங்கனில் பிறந்த மனிதர். பாரிசுக்கு வந்து, ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினியில் சமையல்காரராக ஓய்வு பெற்றார். அந்த முதலாளிக்கு வேட்டைப் பைத்தியம். ஒருமுறை பறவை கலைக்க ஆள் போதவில்லை என்று அலெக்சிஸையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். போனவர் மனதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பிரெஞ்சில் நாலு வரி எழுதத் தெரியாத மனிதர், பெர்மி என்கிற வேட்டை அனுமதிப் பத்திரத்துக்கு விழுந்து விழுந்து படித்துச் சோதனை பாஸ் பண்ணினார். முதலாளி மகிழ்ந்துபோய், வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய துவக்கை முறைப்படி அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

சனம் சும்மா இருக்குமா? "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். இந்த மனுசன் இஞ்சை வந்து துவக்குத் தூக்குது" என்று கீழ்க்கடை வரதராசா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து அவர் வேட்டை அலெக்சிஸ் ஆனார்.

சிரித்தவர்களுக்கு என்ன, ஞாயிற்றுக்கிழமை அவர்களுடையது. மரியநாயகிக்கு அது இல்லை. வேட்டைக்காலம் தொடங்கினால் மாசி முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் விடியமுன்னரே முதலாளியின் கார் கீழே வந்து நிற்கும். அவள் தனியாகப் பூசைக்குப் போவாள், தனியாகத் திரும்பி வருவாள். ஞாயிறன்று லாச்சப்பலுக்கு எங்கிருந்தெல்லாமோ சனம் வரும். பொபினியிலிருந்தும் பொண்டியிலிருந்தும் புருசன் பெண்சாதியாக வந்து மீனும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் சன்னலோரம் நின்று அந்தப் பைகளையும் அவற்றைத் தூக்கிப் போகும் ஆண்களையும் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளதைச் சொன்னால் என்ன, அவள் அந்தத் துவக்கை மனதார வெறுத்தாள்.

பொழுது பட்டதும் அலெக்சிஸ் வருவார். சில நாள் ஒரு முயல், சில நாள் ஒரு காட்டுச் சேவல், பல நாள் சப்பாத்து நிறையச் சேறு. அவள் அடுப்பில் கறியை வைக்க, அவர் குசினித் தரையில் விளம்பரப் பேப்பரை விரித்து, துவக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துடைக்கத் தொடங்குவார். மகள் றொஷானி அப்போது சின்னப்பிள்ளை. "பிள்ளை, சின்னம்மாவுக்கு எண்ணெய்ப் போத்தலை எடுத்து வா" என்பார். அவளும் ஓடிப்போய் எடுத்து வருவாள்.

"இண்டைக்கும் அவளோடைதானே காடு முழுக்கத் திரிஞ்சனீங்கள்?" என்று மரியநாயகி தொடங்குவாள்.

"அவள் உன்னை மாதிரிக் கத்த மாட்டாளப்பா."

"ஓம், கத்த மாட்டாள். வெடிப்பாள்."

அவர் குலுங்கிச் சிரிப்பார். கிழமை முழுக்க வாயைத் திறக்காத மனிதர் அந்த நேரத்தில் மட்டும் பேசுவார். காட்டில் கண்டது, குசினியில் நடந்தது, முதலாளியின் முழங்கால் வருத்தம், எல்லாம் வரும். அவள் ஏசிக்கொண்டே கேட்பாள். அவர்கள் இருவரும் ஆற அமரப் பேசிக்கொண்டது வாழ்நாளிலேயே அந்தப் பேப்பருக்கு இரண்டு பக்கமும் இருந்துதான். அது அப்போது அவளுக்குத் தெரியாது.

போன மாசிக் கடைசியில், வேட்டைக்காலம் முடிந்த கையோடு, அலெக்சிஸ் மாரடைப்பில் போனார். செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் உதவி செய்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினார்கள். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முன்னர் அவருடைய சேட்டுகள், சாரங்கள், துவாய், போர்வை எல்லாம் தோய்த்து அடுக்கியாயிற்று. தேங்காயெண்ணெய்க் கறை பிடித்த தலையணை உறைகளை மரியநாயகியே சுடுதண்ணீரில் அவித்துத் தோய்த்தாள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் அந்த மனிதர் படி இறங்க மாட்டார். காட்டுக்கும் அப்படித்தான் போவார்.

நினைவுநாள் முடிந்ததும் ஓல்னேயிலிருந்து றொஷானி வந்தாள். அலுவலகத்தில் வேலை செய்கிறவள், எதிலும் ஒழுங்கு பார்ப்பவள்.

"அம்மா, உங்களுக்குப் பெர்மி இல்லை. இதை வீட்டிலை வைச்சிருக்கேலாது. துவக்குக் கடைக்காரர் ஒருத்தரோடை கதைச்சிட்டன். நாளைக்குக் காரிலை கொண்டு போவம்."

"கொண்டு போ. எனக்கு நிம்மதி" என்றாள் மரியநாயகி.

அடுத்தவர் கைக்குப் போகும் பொருளை அழுக்கோடு கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுச் சட்டியைக்கூட மினுக்கித்தான் திருப்பிக் கொடுப்பாள். மகள் போனதும் அலமாரியைத் திறந்து துவக்கை எடுத்துக் குசினித் தரையில் கிடத்தினாள். இரும்பு பளிச்சென்றுதான் இருந்தது. மரம்தான் அசிங்கம். கை பிடிக்கும் இடம் கறுத்து வழுவழுத்துக் கிடந்தது. தோளில் அணைக்கும் பிடியின் ஒரு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. இதைப் பார்த்தால் ஆர் வாங்குவான் என்று முணுமுணுத்தபடி கம்பிப் பஞ்சும் சவர்க்காரமும் பிழிந்து தேய்க்கப் பாதித் தேசிக்காயும் எடுத்துக்கொண்டு குந்தினாள். கறை இலேசில் விடவில்லை. அவளும் விடவில்லை. பல வருசக் கோபமும் கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கடைசியில் மரம் வெளிறிப் புதுசாக வந்தது.

"இப்பதான் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்று அதனிடம் சொன்னாள்.

துவக்கின் உறை கிழிந்து போயிருந்ததால், மறுநாள் வரதராசாவிடம் ஒரு நீள முருங்கைக்காய்ப் பெட்டி வாங்கி, கழற்றிய துவக்கை அதற்குள் துவாயால் சுற்றி வைத்தார்கள்.

துவக்குக் கடைக்காரர் நரைத்த மீசைக்காரப் பிரெஞ்சுக்காரர். குழலுக்குள் பார்த்துத் தலையாட்டினார். பொருத்தித் தோளில் வைத்தார். கன்னத்தைச் சாய்த்தவர் உடனே எடுத்து, மரத்தை விரலால் தடவினார். இதை யார் கழுவியது என்று கேட்டார். றொஷானி அம்மாவைக் காட்டினாள். அவர் சுவரில் தொங்கிய தன்னுடைய பழைய துவக்கொன்றைக் காட்டி ஏதோ சொன்னார். மரியநாயகி மகளின் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"சொல்லடி. என்னவாம்?"

"இந்தப் பழைய துவக்குகளை இப்ப ஆரும் வாங்காயினமாம். அழிக்கத்தான் அனுப்புவினமாம். வீட்டாக்கள் வைச்சிருக்கிறதெண்டால் அந்தக் கறைக்காகத்தானாம். அது துவக்குப் பிடிச்ச ஆளின்ரை கன்னமாம். அங்கை தொங்கிறது அவரின்ரை அப்பாவின்ரை கன்னமாம்."

மரியநாயகி சுவரைப் பார்த்தாள். அதே இடத்தில், அதே அகலத்தில் ஒரு கறுப்பு. சேட்டுத் தோய்த்தாயிற்று. போர்வை தோய்த்தாயிற்று. தலையணை உறையை அவித்தே எடுத்தாயிற்று. காதோரம் வழிந்த எண்ணெயோடு அந்த மனிதரின் முகம் வீட்டில் ஓரிடத்தில் மட்டும் மிஞ்சிக் கிடந்திருக்கிறது. அதையும் அவள் தேசிக்காய் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாள். செத்தவீட்டில் அழுததைவிட அந்தக் கடையில்தான் கூட அழுதாள்.

கடைக்காரர் கதிரை எடுத்துப் போட்டார். அழுது முடித்ததும் அவள், "மரத்தை மட்டும் தருவினமோ எண்டு கேள்" என்றாள். இரும்புக்குத்தான் சட்டம், மரத்துக்கு இல்லை என்றார் அவர். ஆணியைத் திருகி, பிடியை மட்டும் தனியாகக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். முருங்கைக்காய்ப் பெட்டிக்குள் அது இங்குமங்கும் உருண்டபடி வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, மரியநாயகி குசினித் தரையில் விளம்பரப் பேப்பரை விரித்தாள். கீழே தெருவில் வழக்கமான சனச் சத்தம். குளியலறைத் தட்டில் அவருடைய தேங்காயெண்ணெய்ப் போத்தல் பாதியோடு இருந்தது. அதிலே கொஞ்சம் ஊற்றித் தன் தலையிலும் காதோரத்திலும் வைத்தாள். மரத்தை மடியில் எடுத்து, வெளிறிக் கிடந்த இடத்தில் கன்னத்தை வைத்து அழுத்தினாள். சவர்க்காரமும் தேசிக்காயும்தான் மணத்தன. அலெக்சிஸுக்கு அந்தக் கறை படிய இருபது வருசத்துக்கு மேல் பிடித்தது. அவளுக்கு இப்போது வயது அறுபத்தெட்டு.

"கள்ளி, காட்டிலை என்னைப் பற்றி உன்னட்டை ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டாள்.

போன் அடித்தது. றொஷானி.

"அம்மா, என்ன செய்யிறியள்? தனியவோ இருக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை" என்றாள் மரியநாயகி. "உன்ரை சின்னம்மாவும் இருக்கிறா."

மரியநாயகி போனைப் பேப்பரில் வைத்துவிட்டு, கன்னத்தை மறுபடி மரத்தில் சாய்த்தாள்.